நின்ற இடத்தில் ஓடும் சத்தம்

என் புருஷன் வெர்லன் டேக்கெட் போன மார்ச்சில் செத்துப்போனான். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், சவப்பெட்டியை மூடுவதற்கு முன்பே என்னைத் தனியாக ஓரங்கட்டி, "நெட்ரா, அந்தப் பிளைமவுத் காரை ஸ்டார்ட் பண்ணியாச்சா?" என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு நின்ற எனக்கும் மனசு பூராவும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஒஹாயோவில் எங்கள் ஹாமில்டன் வட்டாரத்தில் வெர்லன் கட்டிய எஞ்சினை ஜன்னலைச் சாத்திக்கொண்டே அடையாளம் சொல்லிவிடுவார்கள். ஓடும்போது அல்ல. ஓடும்போது எல்லா எட்டு சிலிண்டர் எஞ்சினும் ஊரைக் கூட்டத்தான் செய்யும். சிக்னலில் நிற்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபின் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடுமே, அந்தச் சத்தத்தைச் சொல்கிறேன். சாப்பாட்டு மேஜையில் தூங்கி வழிகிறவன் தலை தொங்கிப்போய், சட்டென்று நிமிர்ந்து, மறுபடி தொங்குவது போல இருக்கும். இதோ நின்றுவிட்டது என்று நினைப்போம், நிற்காது. தடக், தடக்தடக், ஒரு சின்ன இடைவெளி, மறுபடி தடக். வேறு ஆட்களும் எஞ்சின் கட்டினார்கள், நொண்டி நொண்டி ஓடவும் வைத்தார்கள். அந்த இடைவெளி மட்டும் ஒருத்தனுக்கும் வரவில்லை.

வெர்லன் கென்டக்கி மலையிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்குக் காகித ஆலையில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தார்கள். பகலில் அவனும் அதே ஆலைக்குப் போனான். சாயங்காலமும் சனி ஞாயிறும் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் எஞ்சின் கட்டினான். சரியான அழுத்தக்காரன். வாயைப் பிடுங்கினாலும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. எஞ்சின் பிளாக்கைக் கழுவ என் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை முழு பாட்டிலாக எடுத்துக்கொண்டு போவான். பெயின்ட் அடித்த பாகங்களை என் சமையல் ஓவனில் வைத்துச் சுடுவான். ஒரு வருஷம் நன்றி சொல்லும் திருநாளில் வான்கோழி பூராவும் பெயின்ட் வாடை. என் மாமியார் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "இது என்ன மசாலா, நெட்ரா?" என்றாள். "உங்க பிள்ளையைக் கேளுங்க" என்றேன். அந்தக் கல்லுளிமங்கன் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டான்.

எங்களைச் சேர்த்துவைத்ததே அந்தப் பிளைமவுத்துதான். அது என் கார். அறுபத்தொன்பதாம் வருஷத்து மாடல், பச்சை நிறம். டெலிபோன் கம்பெனிச் சம்பளத்தில் நானே வாங்கினேன். சனிக்கிழமைகளில் சோளக்காட்டுக்கு நடுவில் இருந்த ஓட்டப் பாதையில் கால் மைல் பந்தயம் ஓட்டுவேன். தோற்றுக்கொண்டே இருந்தேன். எவனோ சொன்னான் என்று வெர்லனிடம் கொண்டுபோய், கார் மேல் இருந்த கோபத்தையெல்லாம் அவன் மேல் கொட்டினேன். பூராவும் கேட்டுவிட்டு, "எஞ்சினை விட நீதான் ஜாஸ்தி சத்தம் போடுற. சாவியைக் குடுத்துட்டுப் போ" என்றான். அவன் கட்டிக் கொடுத்த எஞ்சினோடு நான் போய் நின்ற முதல் சனிக்கிழமை, பக்கத்துத் தடத்தில் நின்றவன் டோயல் ப்ரூயிட். வாய்ச்சவடால் பேர்வழி. "பாப்பா, கார் நின்னுடும் போலிருக்கே, தள்ளிவிடட்டுமா?" என்று கேட்டான். அவனை ஒரு கார் நீளத்துக்கு மேல் பின்னால் விட்டு ஜெயித்தேன். அன்றிலிருந்து டோயல் எங்கள் வீட்டு ஆள். அவனை விரட்டவும் முடியவில்லை, விட்டுத்தள்ளவும் முடியவில்லை.

மகள் பிறந்தபோது காரை விற்றோம். அப்போது நான் அழவில்லை, அதற்கு நேரமும் இல்லை. வருஷங்கள் ஓடிப்போயின. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வெர்லன் டிரெய்லரில் தார்ப்பாய் மூடிய எதையோ இழுத்துக்கொண்டு வந்து நின்றான். இண்டியானாவில் ஒரு விவசாயி தன் தானியக் கொட்டகையில் போட்டுவைத்திருந்தானாம். எஞ்சின் இல்லை. கதவைத் திறந்தேன். ஓட்டுநர் இருக்கையில் நான் சிகரெட்டால் சுட்ட ஓட்டை அப்படியே இருந்தது.

"எஞ்சின்?" என்றேன்.

"கட்டலாம்" என்றான் வெர்லன்.

கட்டினான். இதயம் பழுது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பத்து நிமிஷம் வேலை செய்தால் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். நான் ஷெட்டில் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஒரே ஒருநாள் மட்டும் என்னை வெளியே அனுப்பினான். அது அவன் வழக்கம். எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்ட் என்று ஒரு தண்டு உண்டு, முட்டை முட்டையாகப் புடைப்புகள் இருக்கும். வால்வுகள் எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதெல்லாம் அந்தப் புடைப்புகளின் கையில். எஞ்சினுக்குக் குரல் அங்கிருந்துதான் வருகிறது. எந்தக் கேம் உள்ளே போயிருக்கிறது என்று எஞ்சின் கட்டுகிறவர்கள் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். தண்டின் நுனியில் பொறித்த எண்ணை வெர்லன் அரத்தால் தேய்த்தே அழித்துவிடுவான். கேம் போடும் நாளில் கதவைச் சாத்திக்கொள்வான். கட்டிய பெண்டாட்டிக்கும் அதே சட்டம்தான்.

பிப்ரவரியில் எஞ்சின் காருக்குள் உட்கார்ந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு என்று அவன் உயிரை எடுத்தேன். குளிரில் புது எஞ்சினை எழுப்பமாட்டானாம். "ஏப்ரல் வரட்டும். நீதான் சாவி திருப்பணும்" என்றான். மார்ச்சிலேயே போய்விட்டான். அந்தச் சத்தம் உள்ளேயே இருந்தது. ஷெட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் காரின் எஞ்சின் மூடி மேல் கை வைத்துப் பார்ப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. குரலைப் பதிவு செய்து வைக்கிற அளவுக்கு வெர்லன் பேசினதே கிடையாது. எனக்கு அவன் குரல் என்றால் அந்தச் சத்தம்தான்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை டோயல் வந்தான். டோயல் வருகிறான் என்றால் ஊருக்கே தெரிந்துவிடும். மடக்கு நாற்காலியும் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. எல்லாம் கிழங்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை. எல்லோரும் அந்தச் சத்தத்துக்குத்தான் வந்திருந்தார்கள் என்பதால் நானும் போகச் சொல்லவில்லை.

சாவியைத் திருப்பினேன். இரண்டு சுற்று சுற்றிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

புது கேம் போட்ட எஞ்சினை முதல் ஸ்டார்ட்டில் மெதுவாக ஓடவிடவே கூடாது. இருபது நிமிஷம் வேகத்தைக் குறைக்காமல் ஓடவேண்டும். அப்போதுதான் எண்ணெய் தெறித்து அந்தப் புடைப்புகள் பதமாகும். ஆசையை அடக்கமுடியாமல் அந்த நொண்டல் சத்தத்தை உடனே கேட்கப்போய், அரைத்துத் தூளாக்கின கேம்கள் இந்த ஊரில் நிறைய. இது டோயலுக்குத் தெரியாதா? மூடிக்குள் தலையை விட்டுக் கார்புரேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றவன், பாதி நேரம்கூட ஆகவில்லை, கையை மெல்லத் தளர்த்தினான். எஞ்சின் இறங்கும் சத்தம் கேட்டது.

"டோயல், கையை எடுத்தே, ஒடிச்சிடுவேன்" என்று காருக்குள்ளிருந்து கத்தினேன்.

"ஒரு செகண்டு நெட்ரா, சும்மா ஒரு செகண்டு."

"அவன் இருந்தா இப்படிப் பண்ணுவியா?"

பழையபடி வேகத்தை ஏற்றினான். நேரம் முடிந்ததும் டோயல் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். நாற்காலிகள் எல்லாம் முன்னால் நகர்ந்தன. அவன் கையை எடுத்தான்.

எஞ்சின் வேகம் இறங்கி, ஒரே சீராக ஓடியது. ஒரு தடுமாற்றம் இல்லை, நொண்டல் இல்லை, அந்த இடைவெளி இல்லவே இல்லை. பாதிரியார் வீட்டம்மாள் கடைக்குப் போகிற கார் மாதிரி, உப்புச் சப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கிழங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருத்தன் நாற்காலியை மடக்க ஆரம்பித்தான். நான் எஞ்சினை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் அடுப்பு முன்னால் நின்றேன். என்னிடம்கூடச் சொல்லாமல் இப்படிச் செய்துவிட்டானே என்று செத்தவன் மேல் கோபமாக வந்தது.

கூட்டம் கலைந்தபின் டோயல் வால்வு மூடியைக் கழற்றி ஏதோ அளந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு வந்தான்.

"சின்னக் கேம் போட்டிருக்கான். அது நொண்டவே நொண்டாது" என்றான். "உன் பழைய கேம் மாதிரி ஒண்ணு அலமாரியில இருக்கு, எண்ணெய்த் துணியில சுத்தி. மாத்திடலாம். வர்ற சனிக்கிழமை உக்காந்தா ஞாயித்துக்கிழமை நீ கேக்கலாம்."

"ஏன் டோயல் இப்படிப் பண்ணான்?"

அவன் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாத்தவா, வேண்டாமா?"

"மாத்து" என்றேன்.

வியாழக்கிழமை அந்தக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்றால் எங்குமில்லை. எரிச்சலைத் தீர்த்துக்கொள்ள ஒரு சுற்று. ஆற்றுப் பாலத்துக்கு இறங்குகிற சரிவு செங்குத்து. அந்தக் காலத்தில் அதில் இறங்கும்போது இதே காரில் பிரேக் மேல் எழுந்து நிற்கவேண்டும். இடுப்பு இருக்கையைவிட்டு மேலே போய்விடும். பாதிச் சரிவில் குப்பை லாரி ஒன்று நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. பழைய பழக்கத்தில் இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து மிதித்தேன். கார் மூக்கைத் தரையில் குத்துவது போல நின்றது. என் கைப்பை முன்கண்ணாடியில் போய் இடித்தது. லாரிக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு லாரி நிற்கலாம்.

குப்பைக்காரன் திரும்பிப் பார்த்தான். நான் பிரேக்கைவிட்டு, மறுபடி ஒரு கால் நுனியால் தொட்டேன். நின்றது. போன வருஷம் என் வலது முழங்காலில் ஆபரேஷன். அதிலிருந்து மாடிப்படி இறங்கும்போதெல்லாம் வெர்லன் கீழே வந்து நிற்பான், ஒன்றும் சொல்லமாட்டான், நான் கடைசிப் படியிலிருந்து இறங்கியதும் போய்விடுவான்.

வீட்டுக்கு வந்து டோயலுக்கு போன் போட்டேன்.

"பிரேக் லேசா இருக்கே, அது எப்படி?"

"பிரேக்கை லேசாக்குற பூஸ்டர் வெச்சிருக்கான். மூடியைத் திறந்தா கறுப்பா உருண்டையா இருக்குமே, அது."

"பெரிய கேம் போட்டா அது வேலை செய்யுமா?"

டோயல் கையிலிருந்த எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"செய்யாது" என்றான். "எஞ்சின் உறிஞ்சுற காத்துலதான் அந்த பூஸ்டர் ஓடுது. அந்த நொண்டல் இருந்தா உறிஞ்சல் இருக்காது. பழையபடி நீ எழுந்து நின்னு மிதிக்கணும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அளந்து பாத்த அன்னைக்கே."

"சமையல்கட்டுல நின்னு கேட்டேனே டோயல். ஏன் சொல்லல?"

"நீ கேட்டப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன்" என்றான். "பொய் எதுக்கு நெட்ரா, எனக்கும் கேக்கணும்னு இருந்துச்சு. ஒரு தடவை கேட்டுட்டு, அப்புறமா சின்னதைத் திருப்பிப் போட்டுடலாம்னு நெனச்சேன்."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் வெர்லன் மேல்தான். எனக்கு அவன் வேண்டியிருந்தான். அவன் பிரேக் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தான் இருக்கப்போவதில்லை, இவள் தனியாக அந்தச் சரிவில் இறங்குவாள் என்று தெரிந்துகொண்டு, ஊரே அவனை அடையாளம் சொன்ன அந்தச் சத்தத்தை அவனே கையால் எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறான். அதையும் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருக்கிறான். பாவி.

"அதைப் பிரிக்க வேண்டாம்" என்றேன். "அவன் கட்டினது. சனிக்கிழமை வராதே."

"சரி."

இருவருமே போனை வைக்கவில்லை. டோயல் மூச்சுவிடுவது கேட்டது. அப்புறம் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுபது வயதைத் தாண்டிய மனுஷன், வாயால் அந்தச் சத்தத்தைச் செய்ய ஆரம்பித்தான்.

"தடக். தடக்தடக். தடக்."

"அப்படி இல்ல" என்றேன். "இரட்டைக்கு அப்புறம் கொஞ்சம் நிக்கும்."

"தடக். தடக்தடக்." நிறுத்தினான். "தடக். இப்படியா?"

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். செத்துடுச்சோன்னு நாம பயப்படணும்."

"சரி, இரு."

நான் சுவரோடு சாய்ந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். டோயல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.