ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்த கேமரா

ஓசூர் மத்திகிரி வீட்டை ஏன் பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் காலி செய்தோம் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டபோதெல்லாம், தண்ணீர்க் கஷ்டம் என்று சொல்லி வந்தேன். அது பொய். அந்த வீட்டில் தண்ணீர் நன்றாகவே வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டிய வயது உங்களுக்கு வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டை வாடகைக்குக் கேட்கப் போனபோது வீட்டுக்காரம்மா, "நீங்க எந்த ஜனங்க?" என்று கேட்டார். ஊத்தங்கரை பக்கம், விவசாயக் குடும்பம் என்றேன். விவசாயம்தான். ஆனால் அடுத்தவர் நிலத்தில். நாங்கள் காலனிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு பதிலோடு ஆறு வருஷம் அங்கே இருந்தேன். ஊரிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. நான் வேலை பார்த்த கம்பெனியிலும் அப்படித்தான். கேன்டீனில் ஊர்ப் பேச்சு வந்தால் தட்டைக் கழுவப் போய்விடுவேன். பேச ஆள் இல்லாததால்தானோ என்னவோ, கம்பெனியில் வேலைக் கணக்கு எழுதி வீணான ஜாப் கார்டுகளின் பின்பக்கத்தில் எங்கள் தெருக் கதைகளை எழுதி வைப்பேன். உங்கள் அம்மாவைத் தவிர யாரும் படித்ததில்லை.

அரசு விடுதியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் பெங்களூரிலிருந்து ஒரு விண்ணப்பத்தாள் அனுப்பினான். எங்களைப் போன்றவர்கள் தங்கள் கதையைத் தாங்களே வீடியோவில் எடுக்கப் பயிற்சி தருகிறார்களாம். முதலில் ஒரு வாரம் பாடம். அடுத்த மாதம் படம் எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும். கம்பெனியில் சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டேன்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு கறுப்பர். என் வயதுதான் இருக்கும். ஒரு பெண் அவர் பேச்சைத் தமிழிலும் கன்னடத்திலும் சொல்வாள். தன் நாட்டில் தன் மக்களைப் பற்றி மற்றவர்கள் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் தாங்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்க ஆரம்பித்ததாகச் சொன்னார். தனக்கு யாரோ கற்றுக்கொடுத்தார்கள், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்ததாகவும் சொன்னார். என்ன எடுக்கப் போகிறோம் என்று முன்னாலேயே எழுதுவது, எடுத்த பிறகு டேப்பில் எந்த நிமிஷத்தில் என்ன இருக்கிறது என்று குறித்து வைப்பது, எல்லாம் அவரிடம் படித்ததுதான். அவர் வகுப்பில் ஒரு கண்டிப்பு இருந்தது. நாம் எடுத்ததைப் போட்டுக் காட்டும்போது மற்றவர்கள் பேசலாம், எடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது.

நான் எங்கள் காலனியைப் படம் பிடித்துக்கொண்டு போனேன். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் தார் ரோடு. டேப் ஓடி முடிந்ததும் அவர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: இதை எடுத்தவர் எங்கே நின்றார்?

ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றார்கள்.

எல்லாக் காட்சியிலுமா?

எல்லாவற்றிலும்தான்.

வெயில் அந்தப் பக்கம்தான் சரியாக விழுந்தது என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லக் கூடாதே. உட்கார்ந்திருந்தேன். பிறந்து வளர்ந்த தெருவை ஊர்க்காரன் நிற்கும் இடத்திலிருந்தே எடுத்திருக்கிறேன், ஒரு வீட்டுக்குள்கூடப் போகவில்லை. மத்தியானம் யாரோடும் சேராமல் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் அப்போது இல்லை. அவர் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவருக்கு வராது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே இருந்தார்.

மறுநாள் பயிற்சியில் கொடுத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஊருக்குப் பஸ் ஏறினேன். இந்தத் தடவை நேராக என் அக்கா வீட்டுக்குள் போய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். உங்கள் அத்தை. மாங்கூழ் தயாரிக்கும் கம்பெனியில் சீசன் வேலை. மாம்பால் பட்டு விரலெல்லாம் வெந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே வேலையைப் பற்றிச் சொன்னாள். தெருப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று, இவ மூஞ்சிய டிவியில போட்டா டிவி வெடிச்சிரும் என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள். உனக்கு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டேன். தம்பி ஒருவன் ஓசூரில் இருக்கிறான் என்றாள். அடுத்த கேள்வியை நான் எழுதி வைக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது.

"அவன் வூட்டுக்குப் போயிருக்கியாக்கா?"

அவள் கேமராவைப் பார்த்தாள். பிறகு அதற்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தாள்.

"கேக்கறது ஆரு? தம்பியா, படம் புடிக்கறவனா?"

"படம் புடிக்கறவன்."

"அப்பன்னா சொல்றேன். அவன் வூடு எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது. அவன் வான்னு கூப்புட்டதில்ல. நான் போனா அவனுக்கு வூடு போயிரும்."

கொஞ்ச நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதப் படத்துல போடாத சாமி. புள்ளைங்க அங்க பள்ளிக்கூடம் போவுதுங்க" என்றாள்.

பெங்களூரில் இரண்டு வி.சி.ஆரும் ஒரு டிவியும் வைத்துத்தான் வெட்டி ஒட்டினோம். அந்தப் பேச்சை விட்டுவிட்டு ஒரு தடவை சேர்த்துப் பார்த்தேன். மாங்கூழ் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதையாக, குறை சொல்ல முடியாமல் இருந்தது. போடவா, விடவா என்று சொல்லிக்கொடுத்தவரிடம் கேட்டேன். அதை நான் சொல்ல முடியாது என்றார். அதற்குப் பதிலாகத் தன் முதல் படத்தைப் பற்றிச் சொன்னார். தன் குடும்பத்தைப் பற்றிய படம். அண்ணன் ஜெயிலில் இருந்ததால் அவனைப் படத்தில் சேர்க்கவில்லை. பிறகு அண்ணன் இறந்துவிட்டான்.

"படத்த இன்னும் அங்கங்க காட்டுறாங்களாம். அதுல இவரு அவங்க வீட்டுக்கு ஒரே பிள்ளையாம்" என்று அந்தப் பெண் சொன்னாள்.

அன்று சாயங்காலமே மத்திகிரிக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அக்கா வேண்டாம் என்றது நம் வீட்டுக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை என்றேன். அம்மா உங்களுக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"படத்தப் பாத்துட்டு எவனோ வந்து வீட்டுக்காரம்மாகிட்ட சொல்றதுக்கு, நாமளே சொல்லிரலாங்க. எனக்கும் ஆறு வருசமா எங்கம்மாவ வான்னு கூப்புட முடியல."

அதுவரை அந்தக் கணக்கில் அவள் அம்மாவை நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் இருவரும் போய்ச் சொன்னோம். வீட்டுக்காரம்மா கத்தவில்லை. உங்களுக்குப் பண்டிகை தவறாமல் ஒப்பட்டுப் போளி கொடுத்தனுப்பியவர் அவர். என்னைப் பார்க்காமல் உங்கள் அம்மாவை மட்டும் பார்த்து, "ஆறு வருஷம் சொல்லலையே" என்றார். பிறகு மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அன்று முதல் வாசலில் எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவார்.

வீடு போகும் என்பது முடிவான பிறகு அக்காவிடம் போய்ச் சொன்னேன். என்னைத் திட்டினாள். திட்டி முடித்து, அப்புறம் உன் இஷ்டம் என்றாள். அந்தப் பேச்சை அப்படியே படத்தில் வைத்தேன், என் கேள்வியையும் என் குரலோடு சேர்த்து. பெங்களூரில் ஒரு ஹாலில் நாற்பது, ஐம்பது பேர் பார்த்தார்கள். கை தட்டினார்கள். மத்திகிரியிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ ஒருவரும் வரவில்லை. சொல்லிக்கொடுத்தவர் தன் நாட்டுக்குப் போன பிறகும் இரண்டு வருஷம் கடிதம் எழுதினார். அடுத்து என்ன எடுக்கிறாய், எடுத்ததை யாரிடம் காட்டுகிறாய் என்று ஒவ்வொன்றிலும் கேட்பார். அகராதியை வைத்துக்கொண்டு வாசிப்பேன். காட்ட ஆள் இல்லை, கேமராவும் இல்லை, ஷிப்டு இருக்கிறது என்று எழுத மனம் வராமல், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் பதில் போடுவேன்.

புது வீடு கம்பெனிகளுக்குப் பின்னால், தகர ஷெட்டுகளுக்கு நடுவில் இருந்தது. அக்காவை வரச் சொல்லிக் கடிதம் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ் பார்த்தேன், வரவில்லை. மாங்காய் சீசன் முடிந்த பிறகு ஒருநாள் சொல்லாமலே வந்தாள். சின்னவளே, நீ யாரோ என்று பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாய். பெரியவனே, நீ மட்டும் அவள் மடியில் போய் உட்கார்ந்தாய். சாப்பிட்டாள். சுவர்களையும் கூரையையும் நிமிர்ந்து பார்த்தாள். நான்கு மணி ஆனதும் கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று நான் சொன்னதை உங்கள் அம்மாவும் சொன்னாள். வேலை இருக்கு என்றாள். சீசன் முடிந்துவிட்டது, என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தெலுங்கில் ஏதோ கேட்க, அக்கா கீழே நின்ற என்னைக் கையால் காட்டிப் பதில் சொன்னாள். என்னை யார் என்று சொன்னாள் என்பது வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.