போர்வைக்குள் இன்னொரு மூச்சு

நானும் என் ரூம்மேட் சரண்யாவும் ஜாம்பி படங்களுக்கு கமென்டரி பாட்காஸ்ட் செய்வது உங்களுக்குத் தெரியும். வெளிச்சத்தம் விழாமலிருக்க இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்துதான் பதிவு செய்வோம்.

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் எங்கள் பாட்காஸ்டைப் பற்றியே சண்டை போட்டார்கள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

"படம் ஓடும்போது இன்னாத்துக்குடி பேசிக்கினே கீறாங்க? பயமே போயிடுது," என்றாள் ஒருத்தி.

"யாராவது பேசிக்கினு இருந்தாத்தான் என்னால அந்தப் படத்தையே பாக்க முடியும்," என்றாள் மற்றவள்.

"அந்த மூணாவது ஆளு மாதிரி இருக்கணும். பேசவே மாட்டாரு, மூச்சு மட்டும் வுடுவாரு. அதான் பயமா கீது."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அதுல ரெண்டு பேர்தானேக்கா?" என்றேன்.

"நீயே கேளும்மா," என்று இயர்போனை நீட்டினாள்.

படத்தில் கதவு உடையப்போகும் இடம். பயத்தில் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த அமைதியில் யாரோ மூச்சு விட்டார்கள். நிதானமாக, மைக்குக்கு மிக அருகில்.

ஒரகடத்தில் இறங்கியதும் சரண்யாவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு இரண்டாவது ஷிஃப்ட். ரூமில் தனியாக இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எடிட் பண்றப்பவே கேட்டேன்டி. நீதான்னு நெனச்சிக்கினேன்."

கமென்டரியில் விடாமல் பேச வேண்டுமா, நடுவில் அமைதியாக இருக்க வேண்டுமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். நாங்கள் இனி ஒரு நொடிகூட வாயை மூடுவதாக இல்லை.