யார் வீட்டு வாசலும் இல்லாத வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் பீர்க்கன்கரணையிலிருந்து நான் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது, செங்கல்பட்டிலிருந்து பீச்சுக்குப் போகும் மீட்டர் கேஜ் வண்டியில் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். பக்கத்து ஸ்டேஷனான பெருங்களத்தூரில் ஏறினாலும் ஜன்னலோரம் கிடைக்கும். வெளியே வயலும் மாடுமாக இருக்கும். வயல்காரர்கள் பிளாட் போட்டு விற்க விற்க, பெண்கள் பெட்டியில் கூட்டம் சேர்ந்தது. "உள்ளே தள்ளிப் போம்மா" என்று அதட்டும் பதவியை யாரும் கொடுக்காமலே நான் எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் சேர்ந்ததும் அந்தப் பெட்டி எங்கள் அடுப்பங்கரையாகவும் ஆகிவிட்டது. மாலை வண்டியில் வெண்டைக்காய் நறுக்குவோம், பூ கட்டுவோம், ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைப்போம். வண்டி அவ்வளவு மெதுவாகப் போகும். காலையில் தாம்பரத்துக்கு வெளியே சிக்னலுக்கு நின்றால், தலை பின்னாமல் ஓடி வந்தவள் நிதானமாகப் பின்னி முடிக்கலாம். ரயில்வேக்காரர்களை வாய் ஓயாமல் திட்டுவோம். ஆனால் அந்தத் தாமதத்தை நம்பித்தான் குடும்பமே நடத்தினோம்.

தொண்ணூறுகளில் காட்டாங்குளத்தூரில் ஒருத்தி ஏற ஆரம்பித்தாள். கிண்டியில் டைப்பிஸ்ட். காதலித்துக் கட்டிக்கொண்டவள். அம்மா வீடு குரோம்பேட்டையில். கல்யாணத்தன்று நடந்த சண்டையில், மகள் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று அம்மா சத்தியம் செய்தாளாம். நானும் உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று இவளும் பதிலுக்குச் செய்தாளாம். அதன் பிறகு பேச்சே கிடையாது. இவளுக்கு ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு என்று யார் பேச்செடுத்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அம்மா கையால் வளையல் ஏறாவிட்டால் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று ஒருநாள் அழுதுவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டைக்குப் போய் அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

"அவ வூட்டுப் படிய மிதிக்க மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிக்கீறேன். வேற பேச்சு இருந்தா பேசு" என்றாள்.

"வீட்டுக்கு யார் கூப்பிட்டாங்க? வெள்ளிக்கிழமை காலைல ரயில்ல வளைகாப்பு. ரயில் யார் வீட்டு வாசல், சொல்லுங்க பாக்கலாம்?"

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பெரிய கேடியா கீறியே" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. காபி மட்டும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பெட்டி முழுக்க மாவிலை கட்டினோம். கூடுவாஞ்சேரிக்காரி எலுமிச்சை சாதம், ஊரப்பாக்கத்துக்காரி தயிர் சாதம், நான் சந்தனமும் வேப்பிலைக் காப்பும். சிக்னலில் எப்படியும் நிற்பான், அங்கே நலங்கு வைத்துவிட்டு, குரோம்பேட்டையில் அம்மா ஏறியதும் வளையல் போடலாம் என்று திட்டம். பாழாய்ப்போன வண்டி அன்றைக்கென்று எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை. சந்தனம் ஒரு கன்னத்தில் மட்டும் இருக்க, குரோம்பேட்டை வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் அந்த அம்மா இல்லை. எங்கள் வண்டி வழக்கமாகத் தாமதித்து வரும் நேரத்தைத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன், அதை நம்பித்தான் அவளும் வீட்டிலிருந்து கிளம்பியிருப்பாள்.

பெண்கள் பெட்டிக்கு அடுத்தது கார்டு பெட்டி. இறங்கி ஓடினேன்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. வளைகாப்பு."

"ரயில்லயா?" என்றார் கார்டு.

"தினம் லேட்டா வர்றீங்களேன்னு நம்பி வெச்சோம். இன்னைக்கு என்ன வந்தது உங்களுக்கு?"

"ரைட் டைமுக்கு வந்தாலும் திட்டுறீங்களேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பச்சைக்கொடியை உடனே தூக்கவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு கொடியைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். மகராசன் நல்லா இருக்கணும்.

கையில் ஒரு மஞ்சள் பையோடு அந்த அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள். கையைப் பிடித்து ஏற்றினோம். மகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்து பையிலிருந்து கண்ணாடி வளையல்களை எடுத்தாள். முதல் வளையல் ஏறவில்லை. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் ஏறவில்லை. அளவெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின கைக்கு.

"கை இப்டி வீங்கிக் கீதே. அப்பளம், ஊறுகான்னு உப்பா தின்றியா?" என்று சீறினாள். அவ்வளவு நாள் கழித்து மகளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பல்லாவரம் வரை பெட்டியில் எல்லோரும் அழுதோம், நானும்தான். தேங்காய் எண்ணெய் தடவி வளையலை ஏற்றி முடிப்பதற்குள் கிண்டி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மா டிக்கெட்டே எடுக்கவில்லை என்று தெரிந்தது.

ஆனால் சத்தியத்தை இரண்டு பேரும் விடவில்லை. ஆண்பிள்ளை பிறந்து, இவள் வேலைக்குத் திரும்பியதும், காலையில் குரோம்பேட்டையில் பெட்டி வாசலில் நின்று குழந்தையை அம்மாவிடம் கொடுப்பாள். மாலையில் அதே பிளாட்பாரத்தில் வாங்கிக்கொள்வாள். என்ன வீம்பு பாருங்கள்.

அதற்குள் அகலப்பாதை வேலை தொடங்கியிருந்தது. முதலில் ஞாயிற்றுக்கிழமை வண்டி நின்றது. அப்புறம் நேரத்தை மாற்றினார்கள். குழந்தை நடக்க ஆரம்பித்த சமயம், எங்கள் வண்டியையே எடுத்துவிட்டார்கள். பெருங்களத்தூர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் நான் போட்ட சண்டையில் அந்த மனிதர் ரூமைப் பூட்டிக்கொண்டார். பஸ்ஸில் போனோம். பஸ் வாசலில் குழந்தையைக் கைமாற்ற முடியுமா? கண்டக்டர் விசில் அடித்துவிடுவான். டைப்பிஸ்ட் லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் இறங்கி வர மாட்டார்கள், அவ்வளவுதான் என்றே நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு மத்தியான வேளையில், காட்டாங்குளத்தூரில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். திறந்தால் அம்மா. வெயிலில் முகமெல்லாம் சிவந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாளாம்.

"வண்டிய நிறுத்திட்டான். புள்ளைய நான் வேற எங்க போய் பாக்கறது? நகரு."