வெள்ளை லோரியும் வாளி வரிசையும்

செங் என்ற எங்கள் ஊரில் என்னுடைய கழிவுநீர் லோரிகள் மூன்று ஓடுகின்றன. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் வீட்டுத் தொட்டியெல்லாம் என்னால்தான் காலியாகிறது. ஆனாலும் ஊரில் எனக்குப் பெயர் ‘கக்கூஸ் லோரிக்காரர்’. அதை மாற்றத்தான் ஆயர் குரோ நகரத்திலிருந்து விளம்பரத் துறை படித்த ஒரு பெண்ணை வரவழைத்தேன்.

“அங்கிள், கழிவுங்கிற வார்த்தையே இருக்கக்கூடாது. இனி நீங்க இயற்கையோட நண்பன்லா,” என்றாள். கறுப்பு லோரி வெள்ளையானது. பக்கவாட்டில் ஒரு பச்சை இலை, ஒரு நீலத் துளி. எனக்கே கண் கூசியது.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட, பாயா ரும்புட் ஊர்க் கோயில் வாசலுக்கு நானே ஓட்டிப் போனேன். அன்று அந்த வட்டாரத்தில் தண்ணீர் வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. பூசாரி சூடம் காட்டி முடிப்பதற்குள் லோரிக்குப் பின்னால் வாளிகளோடு வரிசை நின்றது. கோயில் தலைவர் மைக்கில், “நம்ம ஐயா தண்ணி கொண்டாந்திருக்காரு!” என்று அறிவித்தார். இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. பொய் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன்.

ஓர் அக்கா பின்குழாயைத் திருகப் போனார். பாய்ந்து மைக்கைப் பிடுங்கினேன். “யாரும் தொடாதீங்க! இது கக்கூஸ் லோரி!”

“அதானே, இவராவது சும்மா தண்ணி கொடுக்கிறதாவது,” என்றார் அந்த அக்கா.

மறுநாள் இலைக்கு மேலேயே, சிவப்புப் பெயின்டில், ‘கழிவுநீர்’ என்று ஆள் உயரத்துக்கு நானே எழுதினேன். எழுத்து கோணல்தான். ஆனால் அடுத்த தாமான் குடியிருப்பு வரைக்கும் தெரியும்.