சந்திரலேகாவின் உடம்பு

காரைக்குடியில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் மலையாண்டி ஜிம் வைத்திருந்தான். பின்கட்டில் குடியிருப்பு. இளமையில் ஆணழகன் போட்டிகளில் மேடையேறியவன், ஐம்பதை நெருங்கியும் கண்ணாடியைக் கடக்கும்போது ஒரு கணம் நிற்காமல் போகமாட்டான். அவன் மனைவி சந்திரலேகாவுக்கு மகள் துர்காதேவி பிறந்த பிறகு தைராய்டு வந்தது, உடம்பு பெருத்தது. கடைத்தெருவில் அவளோடு சேர்ந்து நடப்பதை அவன் விட்டுவிட்டான்.

பக்கத்துத் தெருவில் ஏசி போட்ட ஜிம் ஒன்று வந்ததும் இவனிடம் ஆள் வரத்து குறைந்தது. ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைத் திரும்பி நிற்கச் சொல்லி போனில் படம் எடுத்தான். எதற்கென்று கேட்டவளைக் கவனிக்காமல் படியிறங்கிப் போனான். அடுத்த வாரம் மாடிப்படியோரம் பெரிய பிளெக்ஸ் தொங்கியது. இடது பக்கம் நைட்டியில் சந்திரலேகா, கீழே ‘முன்’ என்று எழுத்து. வலது பக்கம் யாரோ ஒரு வடநாட்டு மாடல், கீழே ‘பின்’. காய்கறி வாங்கப் போனவள் அதைப் பார்த்தாள். காய்கறிக்காரி பிளெக்ஸையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டில் கேட்டபோது மலையாண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“மூஞ்சிய மறைச்சுத்தான போட்டிருக்கேன். ஒடம்பப் பாத்து ஆளு தெரியுதுன்னா அது என் குத்தமா?”

ஊருக்கே ஆள் தெரிந்தது. ‘பின்’ எப்போது வருமென்று ஜிம்மில் பையன்கள் கேலியாகக் கேட்கவும், அவளை இழுத்துவந்து டிரெட்மில்லில் ஏற்றினான். காலையும் மாலையும் அதே மிஷின், அதே வேகம், ஆண்கள் எடை தூக்கும் பக்கம் பார்த்தபடி. முதலில் கொஞ்சம் எடை இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. முழங்கால் வீங்கி, படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. புதிதாகச் சேர வருகிறவர்களிடம் அவளைக் காட்டி, வாயைக் கட்டாதவர்களுக்கு மிஷின் என்ன செய்யும் என்பான். அவள் காதில் விழும்படிதான் சொல்வான். கல்லூரியில் படித்த துர்கா தோழிகளை வீட்டுக்குக் கூட்டிவருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஜெரினா என்றொரு பி.டி. டீச்சர் மலையாண்டியின் ஜிம்முக்கு வந்துபோவாள். ஒருநாள் சந்திரலேகா படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்ப்பதைப் பார்த்து அருகே உட்கார்ந்தாள்.

“அக்கா, தெனம் ஒரே மாதிரி நடந்தா ஒடம்பு அதுக்குப் பழகிரும். அடி வாங்குறது முட்டி மட்டுந்தான். ஒருநா நீச்சல் அடிங்க, ஒருநா சைக்கிள் மிதிங்க, ஒருநா எடை தூக்குங்க. நடுவுல ஒருநா சும்மா கெடங்க. இதத்தான் கிராஸ் டிரெய்னிங்குன்னு சொல்றது.”

சந்திரலேகா இதைக் கணவனிடம் சொன்னாள். மறுநாள் எல்லார் முன்னாலும் அவன் ஜெரினாவிடம், இங்கே மாஸ்டர் யார் என்று கேட்டு, இனி வர வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

தம்பி மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி சந்திரலேகா அமராவதிபுதூருக்குப் போனாள். தம்பி வீரணனின் தோட்டத்துக் கிணற்றில்தான் சிறுவயதில் அவள் நீந்தப் பழகியது. பழைய சுடிதாரோடு தண்ணீரில் இறங்கியபோது முட்டி வலிக்கவில்லை. வலிக்காத காலை வெகுகாலம் கழித்து உணர்ந்தவள், கிணற்றின் படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பியின் சைக்கிளில் கண்மாய்க்கரை வரை போய்வந்தாள். சாயங்காலங்களில் ஜெரினா ஸ்கூட்டியில் வந்து, மணல் நிரப்பிய சாக்கை முதுகு வளையாமல் தூக்கக் கற்றுக்கொடுத்தாள். ஊர் திரும்பிய பிறகும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கிணற்றுக்குப் போய்விடுவாள். மலையாண்டி கத்தினான். அவள் போய்வந்துகொண்டுதான் இருந்தாள். அடுத்த பொங்கலுக்குள் தோள் இறுகி, மூச்சு வாங்காமல் இரண்டிரண்டு படியாக ஏறினாள். மெலிந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது, ஆனால் பலசாலி ஆகியிருந்தாள்.

மலையாண்டி இப்போது அவளையே ‘பின்’ ஆக்கி, மாஸ்டரின் சிறப்புப் பயிற்சி என்று புதுப் பிளெக்ஸ் அடித்தான். லேடீஸ் பேட்ச் தொடங்கி அவளையே சொல்லிக்கொடுக்க வைத்தான். பெண்கள் அவளை நம்பி வந்தார்கள். அவர்கள் நடுவில் வந்து நின்று, இவளை ஆளாக்கியதே தான்தான் என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பார்பெல் தூக்கியபோது பெண்கள் கைதட்டினார்கள். மலையாண்டி அவளை விலக்கிவிட்டு, இன்னும் சில தட்டுகளை மாட்டி, உடம்பைச் சூடேற்றாமலே தூக்கினான். பாதியில் ஒரு சத்தம் எழுப்பிவிட்டு விழுந்தான். மதுரையில் முதுகில் ஆபரேஷன் நடந்தது. கால்களில் பலமில்லாமல் வீடு திரும்பினான். பலவகைப் பயிற்சியும் தண்ணீரில் நடையும் கொடுத்தால் சீக்கிரம் எழுந்துவிடுவான் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

அவனைத் தூக்கி எடுக்க வீட்டில் அவளால் மட்டுமே முடிந்தது. கக்கூசுக்கும் கட்டிலுக்கும் தூக்கினாள். பிறகு ஒருநாள் காலையில் பனியனும் கைலியுமாக அவனைத் தூக்கிக்கொண்டு போய், லேடீஸ் பேட்சுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தாள். காலைத் தூக்கி இறக்கச் சொன்னாள். அது ஒன்றுதான் பயிற்சி. தினமும் அதுவேதான்.

“லேகா, உள்ள கொண்டு போயிரு. எல்லாரும் பாக்குறாக.”

“பாக்கட்டும். காலத் தூக்குங்க.”

கால் எழவில்லை. அவன் முகத்தில் வேர்வை வழிந்ததைத் துடைக்காமல் அவள் அடுத்த பெண்ணின் முதுகைச் சரிசெய்யப் போனாள்.

பார்க்க வந்த ஜெரினா அவளைத் தனியே அழைத்து, தண்ணீரில் இறக்கலாமே, கைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுக்கலாமே என்றாள். அதெல்லாம் சந்திரலேகாவுக்குத் தெரியாததல்ல.

“அவருக்கு இது போதும், டீச்சர்.”

ஜெரினா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அதன்பிறகு அந்த மாடிப்படி ஏறவில்லை.

சில மாதங்களில் அவன் கெஞ்சுவதையும் விட்டுவிட்டான். நாற்காலியில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வான். பெண்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் வேறு ஜிம்முக்குப் போனார்கள். திருச்சியில் வேலைக்குப் போய்விட்ட துர்கா ஒருநாள் காலையில் முன்னறிவிப்பின்றி வந்து வாசலில் நின்று பார்த்தாள். அன்றே அப்பாவின் துணிகளை எடுத்து வைத்தாள்.

“அவரு ஒனக்குச் செஞ்சதெல்லாம் எனக்குத் தெரியும்மா. அதுக்காக நீ செய்யிறதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது.”

வாடகைக் கார் டிரைவரால் தூக்க முடியாததால் சந்திரலேகாவே அவனைப் படியிறக்கி, காரின் பின்சீட்டில் கிடத்தினாள். அவன் அவள் கழுத்தைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு முகத்தைச் சீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

திருச்சியில் அவன் இப்போது தடி ஊன்றி நடக்கிறான் என்று வீரணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அக்காவைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கவில்லை என்பதையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். துர்கா போன் எடுப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை இவள் அடித்துப் பார்க்கிறாள், முழுவதும் மணியடித்து ஓயும்வரை காதிலிருந்து எடுப்பதில்லை.