மூணு கடை ஏறி வாங்கின சாஸ்

எங்க வீட்டுக்காரரு வட்டக்கானல்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல சமையல் பாக்குறாரு. அங்க வர்றவங்களுக்கு சாலட் போட்டுப் போட்டு, அவருக்கும் சாஸு, டிரெஸ்ஸிங் இல்லாம எதுவும் தொண்டையில இறங்காதுன்னு ஆயிப்போச்சு. வெறும் கேரட்டுன்னாலும் தொட்டுத்தான் திம்பாரு. பிரஷர் ஏறிக் கெடக்கு, உப்பைக் குறைக்கலைன்னா பக்கவாதத்துல கொண்டுபோய் விட்டுரும்னு டாக்டர் என்னைய உக்கார வச்சுச் சொன்னாரு. என்னமோ நான்தான் அவரு வாயில ஊத்துற மாதிரி!

சரி, வாங்குறதையாச்சும் நல்லதா வாங்குவோம்னு கொடைக்கானல் டவுனுக்குப் போனேன். புட்டிக்கு முன்பக்கம் பூரா பச்சை இலைப் படம். ‘லைட்’டுங்கான், ‘கொழுப்பு கம்மி’ங்கான். பின்பக்கம் எறும்பு சைஸு எழுத்து. செல்போன்ல போட்டோ எடுத்துப் பெரிசாக்கித்தான் படிச்சேன். கொழுப்பு கம்மின்னு போட்டதுல சீனியும் சோடியமும் சாதா புட்டியை விட ஜாஸ்தி! அதுவும் ஒரு ஸ்பூனுக்குப் போட்ட கணக்கு. இந்த மனுசன் என்னைக்கு ஒரு ஸ்பூனோட நிறுத்தினாரு? கடைக்காரம்மா வேற, “எல்லாம் ஒண்ணுதாம்மா, வெரசா எடுங்க”ங்குது. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.

மூணு கடை ஏறி இறங்கி, இருக்குறதுலயே சோடியம் கம்மியா ஒண்ணைக் கண்டுபிடிச்சுக் கொண்டாந்து வச்சேன். நாக்குல வச்சுட்டு, “சப்புன்னு இருக்கே”ன்னு உப்பு டப்பாவை எடுத்து அது மேலயே தூவுறாரு! அன்னைக்கு அழுதேன். அழுதும் ஒண்ணும் ஆகலை.

ஐப்பசியில சஷ்டி வந்துச்சு. “ஆறு நாளைக்கு உப்பில்லா விரதம். ஒரு கல்லு உப்பு போட்டுராத”ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒருவேளைச் சோறு, அவிச்ச காய், வெறும் கேரட்டு. ஆறு நாளும் முகம் சுளிக்காமத் தின்னாரு.

ஏழாம் நாள் வெள்ளனே விரதம் முடிச்சாரு. மத்தியானமே தட்டுல கேரட்டை வச்சுக்கிட்டு, கெஸ்ட் ஹவுஸ்லருந்து வாங்கியாந்த பழைய உப்புச் சாஸைத் திறந்தாரு.

“ஏங்க, ஆறு நாளு இருந்தீங்கள்ல? இன்னமும் இருந்தா என்ன?”

“அது சாமி காரியம். தப்பினா முருகன் கோவிச்சுக்குவாரு.”

“நான் கோவிச்சுக்கிட்டா?”

சிரிச்சாரு. “நீ எங்க போயிரப் போற?”

“போகப் போறது நான் இல்லைங்க”ன்னேன்.

புட்டியைக் கவுத்தவரு, கவுத்த கையோட அப்படியே இருந்தாரு.