நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கோ

பக்கவாதத்தில் விழுந்த என் கணவரை எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் நான் ஒருத்தியாகத்தான் பராமரித்தேன். தினமும் அவருடைய அக்குளில் கைகொடுத்துக் கட்டிலிலிருந்து கதிரைக்குத் தூக்குவேன். "இஞ்சாரும், விழுத்திப் போடாதையும்" என்று பயந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். முதுகுவலியில் எனக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது. அவரைத் தனியே விட்டுவிட்டு வைத்தியம் பார்க்கப் போகவும் மனம் வரவில்லை.

அவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்த பிறகுதான், கையாலேயே முதுகெலும்பைச் சரிசெய்யும் கைரோபிராக்டரிடம் முதன்முதலாகப் போனேன். எலும்பை முறித்துவிடுவாரோ என்று உள்ளூர நடுக்கம். அந்த இளம்பெண்ணோ என்னைத் தொடுவதற்கு முன், "வீட்டில பாரம் ஏதும் தூக்குறனீங்களோ அம்மா?" என்று கேட்டார்.

"ஓம், இவரைத் தூக்குறனான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

உடனே தானே நோயாளிபோல ஒரு கதிரையில் அமர்ந்தார். "இடுப்பை வளைக்காதேங்கோ. முழங்காலை மடிச்சு, ஆளை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு எழும்புங்கோ."

அப்படியே அந்தப் பெண்ணைத் தூக்கினேன். முதுகு இழுக்கவேயில்லை.

"பாத்தீங்களோ? இனி அவருக்கும் பயம் இருக்காது" என்றார் சந்தோஷமாக. இவர் இப்போது உயிரோடு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதுகு இப்போது சுகம். அக்கம்பக்கத்தில் யாராவது படுக்கையில் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், நானே போய் வீட்டாருக்கு அந்த முறையைச் செய்து காட்டுகிறேன். தூக்குவதற்கு முன் நோயாளியிடம், "பயப்பிடாதேங்கோ, விழுத்தமாட்டன்" என்று சொல்கிறேன்.

என் கணவருக்கு அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.